உடைந்த வளையல்

வளையல் உடைகிறது. நாம் என்ன செய்கிறோம்? குழந்தையின் காலில் குத்திவிடுமே என்று உடனே கூட்டி அள்ளுகிறோம். குப்பையில் போடுகிறோம். அத்தோடு மறந்துவிடுகிறோம்.

அடுத்த முறை ஒரு துண்டை மட்டும் எடுத்து வையுங்கள். ஓரம் கூர்மையாக இருக்கும். கவனமாகப் பிடியுங்கள். வெயிலில் காட்டிப் பாருங்கள். நிறம் போகவில்லை. மினுமினுப்பும் போகவில்லை. வட்டம் மட்டும்தான் போயிற்று. முழு வளையல் ஒரு கைக்குத்தான் ஆகும். இந்தத் துண்டு வேறு பலவற்றுக்கு ஆகும். வில் போல வளைந்திருக்கிறது அல்லவா? அது மீனின் செதிலாகலாம். மயிலின் கழுத்தாகலாம். ஆற்றின் அலையாகலாம்.

இப்படிப் பார்த்த ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர் ஓவியப் பள்ளிக்குப் போனவர் அல்லர். சாலை போடும் வேலையை மேற்பார்வை செய்தவர். அவர் பெயர் நேக் சந்த். உடைந்த வளையல்களைக் கூடை கூடையாகச் சேர்த்தார். அவற்றைக் கொண்டு ஆடும் பெண்களையும் பறவைகளையும் செய்தார். அவருடைய கதையை முதலில் படிப்போம். பிறகு நாமும் ஒரு படம் செய்வோம்.

நகரம் எழுந்தது, ஊர்கள் போயின

1947-இல் நம் நாடு விடுதலை பெற்றது. அப்போதே நாடு இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாபும் இரண்டாயிற்று. பழைய தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. நம் பக்கத்துப் பஞ்சாபுக்கு ஒரு புதிய தலைநகர் வேண்டும். சிவாலிக் மலையடிவாரத்தில் இடம் பார்த்தார்கள். சண்டிகர் நகரம் எழுந்தது. பிரான்சு நாட்டுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அதற்குத் திட்டம் வரைந்து தந்தார். கோடு போட்டது போல நேரான சாலைகள். அளந்து பிரித்த குடியிருப்புகள். எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு.

ஆனால் அது வெறும் நிலம் அல்ல. அங்கே ஏற்கெனவே கிராமங்கள் இருந்தன. வயல்கள் இருந்தன, மாமரங்கள் இருந்தன. நகரத்துக்காக அந்த ஊர்களை அகற்றினார்கள். வீடுகளை இடித்தார்கள்.

இடிந்த வீட்டில் என்ன மிஞ்சும்? நம்மில் பலருக்கு இது தெரியும். செங்கல், ஓடு, விளிம்பு போன பானை, அடுப்புக் கல், பிடி இல்லாத கோப்பை, மண்ணுக்குள் புதைந்த வளையல் துண்டு. குடும்பம் போய்விடும். இவை கிடக்கும்.

நேக் சந்தும் ஊரை இழந்தவர்தான். அவர் 1924-இல் பிறந்தார். பிறந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. விவசாயக் குடும்பம். பிரிவினையின்போது வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தார்கள். பிறகு சண்டிகரில் பொதுப்பணித் துறையில் அவருக்கு வேலை கிடைத்தது. சாலை ஆய்வாளர் வேலை. எங்கே எதைக் கொட்டியிருக்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

1950-களின் இறுதியில் அவர் பொருள் சேர்க்கத் தொடங்கினார். முதலில் கற்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் படுகையில் விதவிதமான கற்கள் கிடந்தன. தண்ணீர் அரித்து அரித்து அவற்றுக்கு உருவம் கொடுத்திருந்தது. ஒன்று பறவை போல இருக்கும். ஒன்று குந்தியிருக்கும் கிழவி போல இருக்கும். வேலை முடிந்ததும் சைக்கிளில் போவார். கல்லைக் கட்டி ஏற்றிக்கொண்டு வருவார். பிறகு இடிபாடுகள் கிடந்த இடங்களுக்குப் போனார். ஓடு, பீங்கான், வளையல், சைக்கிள் உதிரிகள், தார் பீப்பாய்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்தார்.

எங்கே வைப்பது? நகரத்தின் வடக்கு ஓரத்தில், சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், ஒரு காடு இருந்தது. அங்கே யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று அரசு ஒதுக்கி வைத்திருந்த இடம். அந்தக் காட்டுக்குள் கொஞ்சம் புதரை வெட்டினார். ஒரு சிறு குடிசை போட்டார். சேர்த்ததை எல்லாம் அங்கே குவித்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் உடனே சிலை செய்யவில்லை. பல ஆண்டுகள் சேர்த்தார். பிரித்து வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் செய்யத் தொடங்கினார். இதை மறந்துவிடாதீர்கள். நம் படத்துக்கும் இதுதான் முதல் பாடம்.

பகலில் அரசு வேலை. மாலையில், இரவில் காட்டு வேலை. வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்துவார். வளைந்த கம்பியோ சைக்கிள் சட்டமோ எலும்புக்கூடு ஆகும். அதன் மேல் சிமெண்ட் கலவையைப் பூசுவார். கலவை காய்வதற்குள் வளையல் துண்டுகளை வரிசையாகப் பதிப்பார். அது பாவாடை ஆகும். பீங்கான் சில்லைப் பதித்தால் சட்டை ஆகும். சைக்கிள் இருக்கை விலங்கின் தலை ஆகும். ஒரு சிலைக்கு இன்னொரு சிலை துணை. இப்படி ஆணும் பெண்ணும் குரங்கும் கரடியும் மயிலுமாக ஒரு ஊரே காட்டுக்குள் கூடிவிட்டது.

யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும்? நிலம் அவருடையது இல்லை. அவரோ அரசு ஊழியர். வேலை போகலாம். செய்ததெல்லாம் ஒரே நாளில் தரைமட்டம் ஆகலாம். அதனால் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒளித்தே செய்தார்.

1970-களின் நடுவில் விஷயம் வெளியே வந்தது. அதிகாரிகள் திகைத்துப் போனார்கள். சட்டப்படி பார்த்தால் இடிக்க வேண்டும். ஆனால் செய்தி பரவியது. பார்க்க மக்கள் வந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். வந்தவர்கள் யாரும் இடிக்கச் சொல்லவில்லை. கடைசியில் அரசு இறங்கி வந்தது. 1976-இல் அந்த இடம் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. அதற்குப் ‘பாறைத் தோட்டம்’ என்று பெயர். நேக் சந்துக்குச் சம்பளம் கொடுத்து, ஆட்களையும் கொடுத்து, இதையே முழு நேர வேலையாகச் செய்யச் சொன்னார்கள்.

இங்கே ஒரு பேச்சு. அரசு நிலத்தில் குடிசை போட்ட ஏழைகள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லாருக்கும் இப்படி நடப்பதில்லை. புல்டோசர் வருகிறது, குடிசை போகிறது, அவ்வளவுதான். நேக் சந்துக்கு மட்டும் ஏன் வேறு மாதிரி நடந்தது? அவர் செய்ததைப் பலர் கண்ணால் பார்த்துவிட்டார்கள். பார்த்த பிறகு குப்பை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

1983-இல் தோட்டத்துக்கு அஞ்சல் தலை வெளியிட்டார்கள். 1984-இல் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்துக் குழந்தைகள் அருங்காட்சியகத்துக்கும் அவர் சிலைகள் செய்து கொடுத்தார்.

அதோடு தொல்லை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1990-இல் தோட்டத்தின் ஒரு பகுதியை இடித்துச் சாலை போடப் புல்டோசர்கள் வந்தன. ஊர் மக்கள் கைகோத்து மறித்து நின்றார்கள். 1996-இல் அவர் வெளிநாடு போயிருந்தபோது யாரோ உள்ளே புகுந்து பல சிலைகளை உடைத்துப் போட்டார்கள். உடைந்ததை எடுத்துச் செய்தவரின் சிலைகளையே உடைத்துவிட்டார்கள். தோட்டம் மீண்டும் சீரானது. 2015-இல் தம் தொண்ணூறாம் வயதில் நேக் சந்த் காலமானார். 2025-இல் கூடச் சாலையை அகலப்படுத்தவும் வண்டி நிறுத்தவும் என்று தோட்டத்தின் வெளிச்சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊரார் திரண்டு எதிர்ப்புச் சொன்னார்கள்.

தோட்டத்துக்குள் போக வாசல்கள் மிகத் தாழ்வாக இருக்கும். யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். ஒரு சுவர் முழுவதும் வீட்டு மின்சாரத்துக்குப் பயன்படும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள். ஒரு சுவர் முழுவதும் உடைந்த பானைகள். இடிந்துபோன அந்த ஊர்களுக்கு வேறு எங்கும் நினைவுச் சின்னம் பெரிதாக இல்லை. அவற்றின் பானை ஓடும் வளையலும் இங்கே இருக்கின்றன.

ஒட்டுப்படம் என்றால் என்ன?

நேக் சந்த் செய்தது சிலை. நாம் செய்யப் போவது படம். கிடைத்த பொருள்களை ஒரு பலகையில் சேர்த்து ஒட்டிச் செய்யும் படத்துக்குக் கொலாஜ் என்று பெயர். பிரெஞ்சு மொழிச் சொல். ஒட்டுதல் என்று பொருள். நாம் ஒட்டுப்படம் என்போம்.

1912-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் பிக்காசோ என்ற ஓவியர் ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார். பிரம்பு நாற்காலியை வரைய வேண்டும். அவர் பிரம்பை வரையவில்லை. பிரம்புப் பின்னல் அச்சடித்த மேசை விரிப்புத் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டினார். படத்தைச் சுற்றிச் சட்டம் வேண்டும். அதற்கு ஒரு கயிற்றைச் சுற்றினார். படம் என்றால் வண்ணத்தால்தான் வரைய வேண்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. 1942-இல் அவரே ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து வைத்தார். காளை மாட்டின் தலை வந்துவிட்டது. இருக்கை முகம், கைப்பிடி கொம்பு. வேறு எதுவும் இல்லை. பாரிஸ் ஓவியரும் சண்டிகர் சாலை ஆய்வாளரும் ஒரே சைக்கிள் இருக்கையில் விலங்கின் தலையைக் கண்டார்கள்.

ஆனால் துண்டு சேர்க்கும் கலை பாரிஸில்தான் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். நம் பாட்டிமார் கிழிந்த சேலைகளை அடுக்கித் தைக்கவில்லையா? கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுடைய முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். சித்திப் பெண்கள் பழைய துணித் துண்டுகளைச் சேர்த்துக் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். போர்வையின் ஓரத்தில் தொடங்குவார்கள். சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். முதலிலேயே படம் போட்டு வைத்துக்கொள்வதில்லை. அடுத்த துண்டு எது என்பதைக் கையில் இருக்கும் துணியே சொல்லும். நான்கு மூலையிலும் சின்னத் துணியை மடித்துப் பூப் போல வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

சேர்ப்போம், பிரிப்போம்

“நமக்கு எதற்கு இது? வேலை தலைக்கு மேல் கிடக்கிறது” என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். களை எடுத்துவிட்டு, தண்ணீர் தூக்கிவிட்டு, சமைத்து முடித்த பிறகு உட்கார்ந்தால் போதும் என்று இருக்கும். அதனால்தான் இதற்கு நாள் குறிக்க வேண்டாம். ஒரு மாதம் சும்மா சேர்த்து வாருங்கள். ஒரு பழைய டப்பாவை மூலையில் வையுங்கள். கண்ணில் பட்டதைப் போட்டுக்கொண்டே வாருங்கள்.

எதைச் சேர்ப்பது? இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. காயலான் கடையில் விலை போகாத பொருளாகப் பாருங்கள். முழுப் புட்டி, தகரம், இரும்பு, செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. தெருவில் பொறுக்கிப் பிழைப்பவர்களுக்கு அவை சோறு. அவற்றை விட்டுவிடுங்கள். யாரும் வாங்காதது எது? உடைந்த வளையல். பல் போன சீப்பு. ஒற்றைப் பொத்தான். கிழிந்த செருப்பின் வார். நின்றுபோன ஜிப். தீக்குச்சி. தையற்கடை வாசலில் விழும் துணி வெட்டு. தர்ப்பூசணி விதை, புளியங்கொட்டை, முட்டை ஓடு, சோளத் தோல். மிட்டாய்த் தாள். பழைய திருமண அழைப்பிதழ். பொறுக்கிப் பிழைப்பவர்களிடம் கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார்கள். எந்தப் பிளாஸ்டிக் வெயிலில் வெளுக்கும், எது வெளுக்காது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி.

சிலவற்றைத் தொடவே கூடாது. மருத்துவமனைக் குப்பை, ஊசி, சவரப் பிளேடு, பூச்சி மருந்து டப்பா வேண்டாம். டார்ச் லைட்டில் போட்டுத் தீர்ந்த பேட்டரியை உடைக்காதீர்கள். உள்ளே நஞ்சு இருக்கிறது. உடைந்த ட்யூப் லைட்டையும் எடுக்காதீர்கள். அதற்குள் பாதரசம் உண்டு. வளையல் துண்டைக் குழந்தைகள் கையில் தராதீர்கள். குழந்தைகளுக்கு விதையும் துணியும் போதும்.

சேர்த்ததைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். விதைகளை இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய வைக்க வேண்டும். இல்லையென்றால் வண்டு வரும்.

பிறகு பிரியுங்கள். பொருள் வாரியாக வேண்டாம், நிற வாரியாக. பச்சை வளையல், பச்சைத் துணி, பச்சைத் தாள் எல்லாம் ஒரு தட்டில். சிவப்பு ஒரு தட்டில். மண் நிறம் ஒரு தட்டில். அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். நாம் பச்சை என்று ஒரே பெயர் சொல்கிறோம். தட்டில் பார்த்தால் பத்துப் பச்சை இருக்கும். கிளிப் பச்சை, வாழைக் குருத்து, பாசி, காய்ந்த வேப்பிலை. இந்த வேறுபாடு படத்துக்கு மிகவும் தேவை.

ஒரு மீன் செய்வோம்

எந்தப் படமும் செய்யலாம். முதல் படத்துக்கு மீன் நல்லது. ஏன்? வளையல் துண்டு வளைந்திருக்கிறது. செதிலும் வளைந்திருக்கிறது. வளைந்த துண்டால் வீடு கட்டினால் சுவர் கோணும். பொருள் எதற்கு இசைகிறதோ அதைச் செய்தால் பாதி வேலை குறையும்.

தச்சுப் பட்டறையில் கழித்துப் போட்ட ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம் போதும். அட்டை வேண்டாம். கண்ணாடியின் கனத்தை அட்டை தாங்காது, வளைந்துவிடும். துணி, தாள், விதை மட்டும் ஒட்டுவதானால் பழைய நாள்காட்டி அட்டையே போதும்.

பலகையில் கரித்துண்டால் மீனின் உருவத்தைக் கோடு போடுங்கள். சரியாக வரவில்லையா? அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். கருவாடு ஒன்றைப் பலகையில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தாலும் சரி. யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போது பசையைத் தொடாதீர்கள். துண்டுகளை வெறுமனே அடுக்கிப் பாருங்கள். சட்டைப் பொத்தான் கண்ணாக இருக்கட்டும். உடைந்த சீப்பு முதுகுத் துடுப்பாக இருக்கட்டும். சரியாக இல்லையா? மாற்றுங்கள். கருநீலச் சேலைக் கரையைக் கீழே வைத்தால் தண்ணீர் ஆழமாகத் தெரியும். வெளிர் நீலம் வைத்தால் வாய்க்கால் போல இருக்கும். அடுக்கியதை அப்படியே ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் வாசல் பெருக்கப் போகும்போது ஒரு பார்வை பாருங்கள். எது பொருந்தவில்லை என்பது உடனே தெரியும். ராத்திரி எத்தனை நேரம் பார்த்தாலும் தெரியாதது காலையில் ஒரு நொடியில் தெரியும். இந்த ஓர் இரவைப் பலர் பொறுப்பதில்லை. அவசரத்தில் ஒட்டிவிட்டு அப்புறம் சுரண்டுகிறார்கள்.

துணிக்கும் தாளுக்கும் மைதாப் பசை போதும். இரண்டு கரண்டி மைதாவை ஒரு தம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். வெண்மை மாறி, கூழ் போலப் பளபளப்பு வந்ததும் இறக்குங்கள். பூச்சி வராமல் இருக்கச் சிலர் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். காய்ச்சிய அன்றே பசையைப் பயன்படுத்திவிடுங்கள்.

வளையலுக்கு இந்தப் பசை போதாது. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை வேண்டும். கடையில் சிறிய பொட்டலமாகவே கிடைக்கும். அதில் மரத்தூளைச் சலித்துப் போட்டுப் பிசையுங்கள். சப்பாத்தி மாவு பதம் வர வேண்டும். இதை மீன் உருவத்துக்குள் அரை விரல் கனத்துக்குப் பரப்புங்கள். நேக் சந்துக்குச் சிமெண்ட் எப்படியோ, நமக்கு இந்த மாவு அப்படி. ஈரமாக இருக்கும்போதே வளையல் துண்டுகளைப் பதிக்க வேண்டும். அதனால் முழு மீனுக்கும் ஒரே முறையில் பரப்பாதீர்கள். வால் பக்கம் ஒரு கைப்பிடி அளவு பரப்பி, அதைப் பதித்து முடித்த பிறகு அடுத்த பிடி.

ஏன் வாலில் தொடங்க வேண்டும்? ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். இறவாரத்தில் தொடங்கி மேலே மேலே போவார்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காரும். மீனின் செதிலும் அப்படித்தான். வாலில் தொடங்கித் தலையை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு துண்டின் வளைந்த முதுகும் வால் பக்கம் பார்க்கட்டும். முதல் வரிசையில் இரண்டு துண்டுக்கு நடுவே இருக்கும் சந்துக்கு நேராக அடுத்த வரிசைத் துண்டு வரட்டும். கொத்தனார் செங்கல் அடுக்குவது போல. வாலில் அடர்ந்த பச்சை, வயிற்றில் மஞ்சள், தலைப்பக்கம் சிவப்பு என்று நிறம் மெல்ல மெல்ல மாறினால் மீன் அசைவது போலவே இருக்கும்.

பழைய துணியை விரலில் சுற்றிக்கொண்டு அழுத்துங்கள். வெறும் விரலால் அழுத்த வேண்டாம். கூரான முனைகள் மாவுக்குள் போக வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிறகு தொடுபவர் கையைக் கிழிக்கும்.

நிழலில் இரண்டு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் மாவு வெடிக்கும். வெடித்துவிட்டாலும் போகட்டும். வெடிப்பில் கொஞ்சம் பசையை விட்டு, பொடி மணலைத் தூவுங்கள். ஆற்று மீன் ஆகிவிடும்.

இதை விற்கலாமா என்று கேட்பீர்கள். விற்கலாம். ஆனால் முதல் படத்தை விற்காதீர்கள். அதில் உங்கள் வளையல் இருக்கிறது, மகளின் வளையல் இருக்கிறது, இறந்துபோன மாமியாரின் பொத்தான் இருக்கலாம். வாங்குபவருக்கு அது தெரியாது. இரண்டாவது, மூன்றாவது படம் செய்யும்போது கை பழகியிருக்கும். அப்போது விலையைப் பற்றிப் பேசலாம். பொருள் ஓசிதானே என்று குறைத்துக் கேட்பார்கள். பொருளுக்கு விலை இல்லைதான். நீங்கள் உட்கார்ந்த இரவுகளுக்கு உண்டு. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

காய்ந்த பிறகு பலகையின் மேல் ஓரத்தில் இரண்டு துளை போடுங்கள். உறுதியான கயிற்றைக் கோத்துக் கட்டுங்கள். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடியுங்கள்.

மாட்டுவதற்கு முன் பலகையைத் திருப்புங்கள். பின்புறத்தில் இன்றைய தேதியை எழுதுங்கள். எந்தப் பொருள் யாருடையது என்று எழுதுங்கள். “சிவப்பு வளையல், சின்னவளுடையது, திருவிழாவில் வாங்கியது” என்று எழுதினால் போதும். எழுத்துக் கோணினால் பரவாயில்லை. பிறகு முன்பக்கம் திருப்பி, கீழ் மூலையில் கொஞ்சம் இடம் பார்த்து, உங்கள் பெயரை எழுதுங்கள்.